மலையில் இருப்பவர்களுக்கு வலுப் பயிற்சி: இறக்கத்திலிருந்து தொடங்குங்கள்

“நாள் பூரா ஏறி இறங்கிக்கிட்டுத்தானே இருக்கோம், இதுக்கு மேல தனியா என்னங்க எக்சர்சைஸ்?”

குன்னூரில் யாரிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு எண்பது படி, கடைக்கு ஓர் இறக்கம், திரும்பி வர ஓர் ஏற்றம் என்று வாழ்கிறவரிடம் போய் ‘தினமும் நடங்கள்’ என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. மலையில் நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையான பயிற்சி. ஆனால் தசை வலு தனிக் கணக்கு.

உடம்பு ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதோடு நின்றுவிடும். அதே எண்பது படி, அதே காய்கறிப் பை என்றால், முதல் சில மாதங்களில் வந்த வலு வந்ததுதான். பத்து வருஷம் ஏறினாலும் அதற்கு மேல் கூடாது. வயது மட்டும் கூடிக்கொண்டே போகும். முப்பதைத் தாண்டிய பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தோள், மேல்முதுகு, கைப்பிடி இவற்றுக்கு நடையில் வேலையே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அது போக வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப் பயிற்சி. முதலாவதை மலையே நமக்குக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

இதுவரை ஒரு தண்டால்கூட எடுத்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீலகிரியில், கொடைக்கானல் பக்கத்தில் இருப்பவர்களும், வேலை மாற்றலாகிப் புதிதாக மேலே வந்தவர்களும் அப்படியே எடுத்துச் செய்யலாம்.

ஏன் இறக்கம்?

எங்கள் வீட்டுக்குக் கீழே லைன் வீட்டில் இருக்கும் அக்கா இருபது வருஷத்துக்கு மேல் தேயிலை பறிக்கிறார். “ஏறும்போது ஒண்ணும் தெரியலீங்க தம்பி. இறங்கும்போதுதான் முட்டி பிடிக்குது” என்றார். வாசல் படியில் இறங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு படியிலும் ‘தொப், தொப்’ என்று கால் விழுந்தது. அப்புறம் உட்கார்ந்து முட்டியைக் கவனித்தேன். மேல் படியில் ஊன்றியிருக்கும் கால், பாதி மடங்கும் வரை உடம்பை ஒழுங்காகத் தாங்குகிறது. அதற்குப் பிறகு பிடி விட்டுப்போகிறது. முட்டி உள்பக்கம் சாய்கிறது. கீழே வரும் கால் கடைசி மூன்று விரற்கடை தூரத்தை இறங்கிக் கடக்கவில்லை, விழுந்து கடக்கிறது. அந்த மூன்று விரற்கடைக்கான வலுதான் அவருக்குப் போதவில்லை.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே ஏறும் வண்டியைவிட இறங்கும் வண்டிக்குத்தான் ஆபத்து. கியரைக் குறைத்து மெதுவாக வராமல் பிரேக்கையே நம்பி வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். தொடைத் தசைதான் நம் உடம்பின் கியர். அது பிடிக்கவில்லை என்றால் மொத்த அதிர்வும் முட்டியில் போய் இறங்குகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோவையில் படித்த காலத்தில் இரண்டு வருஷம் ஜிம்முக்குப் போனேன். கவனமெல்லாம் மார்பிலும் கையிலும்தான். லீவில் ஊருக்கு வந்தபோது நண்பர்களோடு குன்னூரிலிருந்து பர்லியார் வரை நடந்தே இறங்கினோம். அன்று ராத்திரி ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை தொடை கல்லாகிவிட்டது. மூன்று நாள் வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். நீண்டுகொண்டே வேலை செய்யும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழும். அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி போனேன். வலி பாதிகூட இல்லை. ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. இந்தக் குணத்தை நாம் நல்ல விதமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே நாளில் பர்லியார் வரை போகாமல், வீட்டுக்குள் நாலு விரல் உயரப் பலகையில் ஆறு தடவை இறங்கினாலே அந்தப் பாதுகாப்பு கிடைக்கத் தொடங்கும்.

தூக்க முடிகிற எடையைவிடக் கூடுதலான எடையை எவராலும் மெதுவாக இறக்க முடியும். அதனால் தண்டால் எடுக்க முடியாதவர் தண்டாலில் இறங்கிப் பழகலாம். எழ முடியாதவர் மெதுவாக உட்கார்ந்து பழகலாம். கீழே வரும் எல்லாப் பயிற்சியிலும் இதுதான் அடிப்படை. மூன்று எண்ணி இறக்குங்கள், ஒன்று எண்ணி ஏற்றுங்கள்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், இன்சுலின் போடும் சர்க்கரை நோய் இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீலகிரியில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில் சிக்கிள் செல் என்கிற அரிவாள் அணு ரத்தசோகை இருக்கிறது. குளிர், உடம்பில் தண்ணீர் குறைவது, மூச்சு முட்டும் அளவுக்கு உழைப்பது மூன்றுமே அந்த நோயின் வலியைத் தூண்டிவிடும். வீட்டில் யாருக்காவது அது இருந்தால் நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, டாக்டர் சொல்லும் அளவோடு தொடங்குங்கள்.

சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதல் நாலைந்து நாள் சும்மா நடந்தால் போதும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், உதகை 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான். ஆனால் உதகை உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைவு. ஒரு கனமான பொருளை ஒரு தடவை தூக்கும் வலு இதனால் பெரிதாகக் குறையாது. தூக்கிவிட்டு மூச்சு சீராவதற்குத்தான் நேரம் பிடிக்கும். கோவையில் ஒரு நிமிடம் ஓய்வெடுத்தவர் இங்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

இருட்டோடு எழுந்து வெளியே ஓடும் பழக்கம் இருந்தால் மலையில் அதை விட்டுவிடுங்கள். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டுமாடும் நடமாடுகின்றன. கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே வருகிறது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு வெளியே போங்கள், சாயங்காலம் இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். வலுப் பயிற்சிக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும், வெளியே போகவே தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் காலைகளில் பயிற்சியைப் பத்து பதினோரு மணிக்குத் தள்ளிவையுங்கள். வெளிப்படிகளில் பாசி பிடித்திருக்கும், அங்கே எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

படி 1: உடம்பைச் சூடேற்றுவது

சமவெளியில் ஐந்து நிமிடத்தில் முடிவது இங்கே பத்து நிமிடம் ஆகும். ஸ்வெட்டரைக் கழற்றாமலே தொடங்குங்கள். நின்ற இடத்தில் முட்டியை உயர்த்தி நடை, தோளை முன்னும் பின்னும் சுழற்றுவது, இடுப்பைச் சுழற்றுவது, கணுக்காலைச் சுழற்றுவது, அரைவாசி உட்கார்ந்து எழுவது பத்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து தடவை. நெற்றியில் லேசாக ஈரம் தட்டினால் ஸ்வெட்டரைக் கழற்றலாம். பயிற்சி முடிந்ததும் நனைந்த பனியனை உடனே மாற்றிவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் துணியோடு காற்றில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த உடம்பை நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கைத் தொடக்கத்தில் செய்யாதீர்கள், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் தாகம் எடுக்காது. எடுக்காவிட்டாலும் தொடங்கும் முன் ஒரு டம்ளர் வெந்நீர் குடியுங்கள்.

படி 2: முதல் இரண்டு வாரம், நாலே அசைவு

வாரத்தில் இரண்டு நாள், உதாரணமாகத் திங்களும் வியாழனும். ஒவ்வொன்றிலும் எட்டு தடவை செய்தால் ஒரு செட். இரண்டு செட் போதும். மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகாது.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதலாவது. கை இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் தோள் அகலத்தில், குதிகால் தரையில் அழுந்தியிருக்கட்டும். மூன்று எண்ணி உட்காருங்கள். கடைசியில் ‘தொம்’ என்று விழாமல், நாற்காலியில் யாரோ தூங்குவதுபோல் மெல்ல அமருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். எழ முடியாவிட்டால் தொடையில் கை ஊன்றி எழலாம், ஆனால் உட்காரும்போது கை ஊன்ற வேண்டாம்.

இரண்டாவது, படி இறக்கம். மலையில் இருப்பவர்கள் மற்ற எதை விட்டாலும் இதை மட்டும் விடக்கூடாது. ஒரு சாண் உயரப் படி முதலிலேயே வேண்டாம். நாலு விரல் உயரமுள்ள, ஆடாத அகலமான பலகை போதும். செருப்பில்லாமல் அதன் விளிம்பில் ஒரு காலால் நின்று, ஒரு கையைச் சுவரில் வையுங்கள். மற்றக் காலை முன்பக்கம் காற்றில் விட்டு, நிற்கும் காலின் முட்டியை மடக்கியபடி மூன்று எண்ணி இறங்குங்கள். குதிகால் தரையைத் தொட வேண்டும், மிதிக்கக்கூடாது. கீழே ஒரு முட்டை இருக்கிறது, அதை உடைக்காமல் தொட்டுவிட்டு வருகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டதும் நிற்கும் காலாலேயே எழுங்கள். கண் முழுக்க முட்டியிலேயே இருக்கட்டும். அது இரண்டாவது கால்விரலின் நேர்கோட்டில் மடங்க வேண்டும், உள்பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் உயரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு காலுக்கு ஆறு தடவை போதும்.

சத்தம்தான் இதில் நல்ல வாத்தியார். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கால் வைக்கும் ஓசை கேட்டால் அந்த ஒரு தடவையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அக்காவுக்கு முதல் நாள் ஆறில் இரண்டுதான் தேறியது. மூன்றாவது வாரம் ஆறும் தேறியது. மாதக் கடைசியில் பலகையை எடுத்துவிட்டு வீட்டுப் படிக்கே மாறினோம்.

மூன்றாவது, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஓர் அடி எட்டி நின்று, மார்பு உயரத்தில் கைகளை ஊன்றி, மூன்று எண்ணி மார்பைச் சுவருக்குக் கொண்டு போய், தள்ளி வாருங்கள். தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே கோடாக இருக்க வேண்டும். இடுப்பு தொங்கக்கூடாது. இரண்டு செட்டும் பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் சமையல் மேடைக்கு மாறுங்கள், அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. தரைக்கு வரும்போது தள்ளி எழ வராவிட்டால் கவலை வேண்டாம். மெதுவாக இறங்கி, முட்டி போட்டு எழுந்து, மறுபடி இறங்குங்கள். சில வாரம் இப்படி இறங்கினாலே பலருக்கு முதல் முழுத் தண்டால் வந்துவிடுகிறது.

நாலாவது, பை இழுத்தல். தள்ளும் வேலைக்கு ஈடாக இழுக்கும் வேலையும் வேண்டும், இல்லாவிட்டால் தோள் முன்னால் கூனிக்கொள்ளும். பள்ளிக்கூடப் பையில் மூன்று கிலோ அரிசி போடுங்கள். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையால் பையை விலாவை நோக்கி இழுத்து, மூன்று எண்ணி இறக்குங்கள். முழங்கை உடம்பை ஒட்டியே போகட்டும்.

படி 3: மூன்றாம் வாரத்திலிருந்து சுமை

வீட்டுப் பயிற்சி என்றாலே ‘தண்ணீர் பாட்டிலைத் தூக்குங்கள்’ என்பார்கள். நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அது இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு கிலோ எடை சில நாளில் போதாமல் போய்விடும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள், ஐந்து கிலோ. பாதி நிரப்பினால் இரண்டரை. தண்ணீரை அளந்தே எடையைக் கூட்டலாம், காசு கொடுத்து வாங்கும் சாதாரண டம்பெல்லில்கூட இந்த வசதி கிடையாது.

நாற்காலிப் பயிற்சியில் கேனை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு புது அசைவு.

ஒன்று, குனிந்து எடுப்பது. தேயிலை பறிப்பவர், கேரட் பிடுங்குபவர், துணி துவைப்பவர் எல்லோரும் நாள் முழுக்கக் குனிகிறோம், ஆனால் முதுகை வளைத்துக் குனிகிறோம். இடுப்பை மடக்கிக் குனியக் கற்றுக்கொள்ள ஒரு துடைப்பக் கட்டை போதும். அதை முதுகோடு நேராகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழ் எலும்பு என மூன்று இடத்திலும் கட்டை தொட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னால் கொண்டு போங்கள். மூன்றில் ஏதாவது ஓர் இடம் கட்டையை விட்டு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். கட்டையோடு இரண்டு நாள் பழகிய பிறகுதான் கையில் கேன். தொடையின் பின்பக்கம் இழுப்பதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஜிம்மில் டெட்லிப்ட் என்று சொல்வது இதன் பெரிய வடிவம்தான்.

இன்னொன்று, தூக்கி நடப்பது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கேன், நாற்பது அடி. அடுத்த வாரம் ஒரே கையில் மட்டும். உடம்பு சாயப் பார்க்கும், சாயவிடாமல் நேராக நடங்கள். விலாப்பக்கத் தசைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ரோடு வராத வீடுகளுக்கு காஸ் சிலிண்டரைத் தூக்கித்தான் கொண்டு போக வேண்டியிருக்கிறது. உள்ளே 14.2 கிலோ காஸ், காலி உருளை 15 கிலோவை ஒட்டி, ஆக மொத்தம் 30 கிலோ பக்கம். முன்பின் பழக்கமில்லாமல் அதைத் தோளில் ஏற்றுவதால்தான் முதுகு பிடிக்கிறது. பத்து, பதினைந்து, இருபது கிலோ என்று மாதக் கணக்கில் கையில் தூக்கி நடந்து பழகியவருக்கு அன்றைக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது.

எப்போது கூட்டுவது?

1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் காயம்பட்ட சிப்பாய்களின் கால்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஜிம்களில் செட், எண்ணிக்கை என்று நடக்கும் முறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். நமக்கு வேண்டிய விதி எளிமையானது. எட்டில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு கூட்டிப் பன்னிரண்டுக்கு வாருங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எல்லாச் செட்டிலும் பன்னிரண்டு வந்தால் எடையைக் கொஞ்சம் கூட்டி மறுபடி எட்டுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு செட்டையும் ‘இன்னும் இரண்டு செய்யலாம்’ என்ற இடத்தில் நிறுத்துங்கள். உயிரை விட்டுக் கடைசி ஒன்றைத் தூக்குவது புதியவர்களுக்குத் தேவையில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று செட், விருப்பமிருந்தால் வாரத்தில் மூன்று நாள். அதே தசைக்கு மறுநாளே வேலை கொடுக்காதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

செட்டுக்கு நடுவே ஓய்வு எவ்வளவு என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அடுத்த செட்டுக்குப் போகலாம். தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

ஒரு நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதிவையுங்கள். முதல் ஒன்றரை மாதம் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாது. அப்போது கூடுவது நரம்பின் திறமை. இருக்கும் தசையை ஒருங்கே வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மனம் தளராமல் இருக்க அந்த நோட்டுதான் துணை.

மற்ற வழிகள்

தண்டாலும் பஸ்கியும் நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளின் பழைய சொத்து. மேலே சொன்ன நாற்காலியும் சுவரும் அவற்றுக்குப் போகும் வழிதான். ஆழமாக உட்காரும் பஸ்கியை நாற்காலிப் பயிற்சி பத்து கிலோவோடு சுலபமான பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கில் எடுப்பதால் தாங்கும் திறன்தான் கூடும். வலு வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறைத்துச் சுமையைக் கூட்டுங்கள்.

கர்லாக்கட்டை எனக்கு மிகவும் பிடித்தது. தலைக்குப் பின்னால் கட்டை சுழன்று வரும்போது தோள்மூட்டு எல்லாப் பக்கமும் திறக்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே இறுகிப்போன தோளுக்கு நல்ல மருந்து. இரண்டு கிலோவுக்கு மேல் போகாதீர்கள், கூரை உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் மாதம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும்.

இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் சமவெளிக் கிராமங்களில் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உதகையை அடுத்த முத்தநாடு மந்து என்ற தோடர் பழங்குடிக் குடியிருப்பில் மொற்பர்த் பண்டிகையின்போது தோடர் இளைஞர்களும் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குகிறார்கள். பிடிமானமே இல்லாத உருண்டைப் பொருளைத் தூக்க விரல், முன்கை, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். அந்தக் கல்லைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒரு சாக்கில் பத்து கிலோ மணல் கட்டித் தரையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து மார்புக்கு என்று தொடங்கலாம். கல் பிறகு.

ஜிம் பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் போங்கள். மெஷின் பாதையைத் தானே பிடித்துக்கொள்வதால் புதியவருக்குப் பயம் குறைவு. டம்பெல்லும் பார்பெல்லும் சமநிலையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் மலையில் இருப்பவருக்கு நான் டம்பெல்லைத்தான் சொல்வேன், நம் படிகள் எதிலும் மெஷினின் தண்டவாளம் கிடையாது. சேருவதற்கு முன் அங்கே கற்றுக்கொடுப்பவர் முதல் நாளே உங்களைக் களைக்க வைக்கப் பார்க்கிறாரா, அசைவைத் திருத்தப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் விலை குறைவு, பயணத்துக்கு நல்லது, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு இழுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் அசையாமல் உட்காருவது, முழங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிக்கும் பிளாங்க் போன்றவை மூட்டு வலி உள்ளவர்களுக்கு உதவும், இருபது விநாடியில் தொடங்குங்கள்.

எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்?

தசையின் நடுப்பகுதியில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அழுத்தினால் வலிக்கிற வலி தானே போய்விடும். லேசாக நடந்தால் சீக்கிரம் போகும். மூட்டுக்குள் குத்துகிற வலி, ஒரு பக்கம் மட்டும் வரும் வலி, வீக்கம், காலுக்கு இறங்கும் மின்சாரம் போன்ற வலி இருந்தால் அந்த அசைவை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மார்பு இறுக்கம், தலைசுற்றல் என்றால் உடனே. அளவுக்கு மீறிச் செய்துவிட்டுத் தசை பயங்கரமாக வீங்கி, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிதைந்த தசையிலிருந்து வரும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி அது.

சாப்பாடு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்குப்படி உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், அறுபது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம். வலுப் பயிற்சி செய்பவர்கள் 1.2 முதல் 1.6 கிராம் வரை எடுத்துக்கொள்வது பொதுவான பரிந்துரை. ஒரு முட்டையில் ஆறு கிராம், கால் லிட்டர் பாலில் எட்டு, ஐம்பது கிராம் கொள்ளு அல்லது பருப்பில் பதினொன்று. நம் சந்தையில் கிடைக்கும் பட்டாணி, அவரை, ராஜ்மாவை வாரம் முழுக்க மாற்றி மாற்றிச் சமைத்தாலே பாதித் தூரம் வந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். டப்பாப் பவுடர் தொடக்கத்தில் தேவையில்லை.

விட்டுப்போனால்

தென்மேற்குப் பருவமழை உதகை, கூடலூர் பக்கம் ஒரு வாரம் விடாமல் கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. கரண்ட் போகும், துணி காயாது, பயிற்சியும் நின்றுபோகும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் எடையைப் பாதியாக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் படி 2-ன் முதல் நாளுக்கே போய், நாலு விரல் பலகையில் ஆறு தடவை, சத்தமில்லாமல். முதல் முறை இரண்டு மாதம் எடுத்த இடத்துக்கு இந்தத் தடவை மூன்று நாலு வாரத்தில் வந்துவிடுவீர்கள். மழை நாளில் வேறு எதுவும் முடியாவிட்டால் படி இறக்கத்தை மட்டுமாவது வாரம் ஒருமுறை செய்து வையுங்கள். மழை விட்டதும் பாசிப் படியில் முதலில் இறங்க வேண்டியிருக்கிறது.